தறிச் சத்தம் நின்னா என்ன ஆகும்? தமிழ் மர்ம நாவல் சஸ்பென்ஸ் பழகின கதை

(ஒலி அத்தியாயத்தின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

போன வாரம் நமக்கு ஒரு வாய்ஸ் நோட் வந்தது. அனுப்பினவருக்குச் சொந்த ஊர் அம்மையார்குப்பம். திருத்தணி பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டின நெசவாளர் ஊர். இப்போ சென்னையில வேலை பார்க்கிறார், ராத்திரியில த்ரில்லர் எழுதறார். அவர் கேட்டது இதுதான்:

"அண்ணா, நான் எழுத உட்கார்ந்தாலே கதை தானா மும்பைக்கோ லண்டனுக்கோ ஓடிடுது. எங்க ஊர்ல தறி ஓடும், கிருத்திகைக்குத் திருத்தணி போவாங்க, அவ்வளவுதான். இங்க என்ன மர்மம் இருக்கு? பழைய ரைட்டர்ஸ் எல்லாம் கரு எங்கிருந்து எடுத்தாங்க? சஸ்பென்ஸை எப்படி ஏத்தினாங்க?"

தம்பி, உங்க கேள்விக்கு வயசு 130-க்கு மேல. தமிழ்ல மர்மக் கதை எழுத உட்கார்ந்த முதல் தலைமுறையும் இதே இடத்துலதான் மாட்டிக்கிட்டாங்க. அதனால இன்னிக்கு டிப்ஸ் எதுவும் கொடுக்கப் போறதில்லை. அவங்க எப்படி மீண்டு வந்தாங்கன்னு வரலாற்றைப் பார்ப்போம். ரெண்டு விஷயத்தை மட்டும் மனசுல வச்சுக்கிட்டுக் கேளுங்க. ஒண்ணு, கரு எங்கிருந்து வந்தது. ரெண்டு, கதை வாசகன் கைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது. புத்தகமா, வாரப் பத்திரிகையா, பஸ் ஸ்டாண்டு கடையில தொங்கற மாத நாவலா? இந்த ரெண்டாவது விஷயத்தைப் பலர் கவனிக்கிறதில்லை. ஆனா சஸ்பென்ஸோட சூட்சுமம் பெரும்பாலும் அங்கதான் இருக்கு.

லண்டன்ல இருந்து கப்பல் ஏறி வந்த கரு

ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதைகள் லண்டன்ல 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில வர ஆரம்பிச்சது 1891. மூணே வருஷத்துல, 1894-ல, பண்டித நடேச சாஸ்திரி தமிழ்ல 'தானவன்'னு ஒரு போலீஸ் நிபுணனை வச்சுக் கதை எழுதிட்டார். தமிழின் முதல் துப்பறியும் கதை எதுன்னு பேசறவங்க வழக்கமா இதைத்தான் காட்டுவாங்க. நடேச சாஸ்திரி நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தேடித் தொகுத்தவர். பாட்டி சொல்ற கதையில ஆர்வம் இருந்த ஒருத்தர்தான் போலீஸ் கதையையும் தமிழுக்குக் கொண்டுவந்தார்.

அடுத்து வந்தவர் ஆரணி குப்புசாமி முதலியார். 1915-ல தொடங்கின 'ஆனந்த போதினி' மாத இதழோட ஆசிரியர். அந்த இதழை நடத்தினவர் பேரைக் கேளுங்க: நாகவேடு முனுசாமி முதலியார். நாகவேடு அரக்கோணம் பக்கத்து ஊர். ஆரணியோ நெசவுக்குப் பேர் போன ஊர். தம்பி, தமிழ்ல மர்ம நாவலை வீடு வீடா கொண்டுபோய்ச் சேர்த்த ரெண்டு பேரும் உங்க வட்டாரத்துக்காரங்கதான், பார்த்துக்கோங்க.

குப்புசாமி முதலியார் எழுதினது 75 நாவலுக்கு மேல. பெரும்பகுதி தழுவல்தான். யாரோட கதைன்னா, ஜி.டபிள்யூ.எம். ரெனால்ட்ஸ். 1844-லிருந்து 'மிஸ்டரீஸ் ஆஃப் லண்டன்' கதையை வாராவாரம் ஒரு பென்னி விலையில வித்த ஆள். இங்கிலாந்துல இன்னிக்கு அவரைப் பெரும்பாலும் மறந்துட்டாங்க. அந்தக் கால இந்தியாவுல அவருக்கு இருந்த வாசகர் கூட்டம் ரொம்பப் பெருசு. தமிழ்ல மட்டும் இல்லை, வங்காளம், இந்தி, உருதுன்னு எல்லா மொழியிலயும் ரெனால்ட்ஸ் நடமாடினார்.

லண்டன் கதை தமிழ்ல எப்படி ஒத்துப்போகும்? பிரபுவை ஜமீன்தார் ஆக்கணும். மாளிகையை அரண்மனை ஆக்கணும். குற்றவாளிக்குக் கடைசியில கட்டாயம் தண்டனை கிடைக்கணும், நடுநடுவுல நீதி உபதேசமும் வரணும். 'இரத்தினபுரி இரகசியம்' மாதிரி நாவல்கள் பல பாகங்களா வந்துச்சு. இங்க சஸ்பென்ஸ்ங்கிறது சுத்தி வளைக்கிறது. நாயகி ஆபத்துல இருப்பா, ஆனா கதை வேற ஊருக்குப் போய், வேற ஒருத்தரோட பூர்வீகத்தைச் சொல்லிட்டு, நிதானமா திரும்பி வரும். அடுத்த பாகம் வாங்க வைக்கணும் இல்லையா? அதனால முடிச்சுகளை அவிழ்க்காம சேர்த்துக்கிட்டே போவாங்க.

ராஜாம்பாள் ஏன் ஓடிச்சு?

1908-ல ஜே.ஆர். ரங்கராஜுவோட 'ராஜாம்பாள்' வருது. பல பதிப்பு கண்டுச்சு. மேடை நாடகமாச்சு. 1935-ல ஒரு தடவை, 1951-ல இன்னொரு தடவை சினிமாவும் ஆச்சு. பின்னால வில்லனா புகழ்பெற்ற ஆர்.எஸ். மனோகர் அந்த 1951 படத்துலதான் கதாநாயகனா அறிமுகமானார்.

இதுலயும் எலும்புக்கூடு இறக்குமதிதான். ஒரு கொலை, தப்பா பழி சுமக்கிற காதலன், எல்லாத்தையும் மோப்பம் பிடிக்கிற துப்பறியும் கோவிந்தன். ஆனா வாசகன் எதுக்குப் பயந்தான்னு யோசிச்சுப் பாருங்க. இளம்பெண்ணை வயசான பணக்காரனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறாங்க. இது 1908. அந்தப் பயம் பல வீட்டுத் திண்ணையிலயே உட்கார்ந்திருந்தது. அவரோட 'சந்திரகாந்தா'வுல மடாதிபதியோட லீலைகள் வருது. மடங்களைப் பத்தி ஊர் கிசுகிசுன்னு பேசினதை ரங்கராஜு அச்சுல ஏத்தினார். 1936-ல அது படமாச்சு, அதுவும் பேசப்பட்டுச்சு.

ரங்கராஜு செஞ்சது என்னன்னா, கதையோட வடிவத்தை வெளியிலிருந்து எடுத்துக்கிட்டு, பயத்தை மட்டும் உள்ளூர்லயே எடுத்தார். யாரோ ஒரு பிரபு லண்டன்ல செத்தா நமக்கு என்ன? பக்கத்துத் தெரு பொண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம், மாப்பிள்ளைக்கு அறுபது வயசுன்னா, பக்கம் தானா புரளும்.

ஆனா இந்தக் கதைக்கு ஒரு கசப்பான முடிவும் இருக்கு. ரங்கராஜுவோட 'வரதராஜன்' நாவல் மேல கதைத் திருட்டு வழக்கு வந்தது. அதோட அவர் நாவல் எழுதறதையே விட்டுட்டார். இதைக் கொஞ்சம் நின்னு யோசிக்கணும். ஒரு தலைமுறை முழுக்கத் தழுவிக்கிட்டுதான் இருந்தாங்க, அதுல பலர் அதைத் தப்பாவே நினைக்கலை. ஆனா ஒருத்தரோட எழுத்து வாழ்க்கை அதனாலேயே முடிஞ்சும் போச்சு. "கரு எங்கிருந்து எடுத்தீங்க?"ங்கிறது ஏதோ நட்பா கேட்கிற பேட்டிக் கேள்வி மட்டும் இல்லை. கோர்ட்லயும் அதே கேள்வியைக் கேட்பாங்க.

இதே காலத்துல வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் 'மேனகா', 'திகம்பர சாமியார்'னு எழுதிக் குவிச்சார். 'திகம்பர சாமியார்' 1950-ல மாடர்ன் தியேட்டர்ஸ் படமா வந்தப்போ எம்.என். நம்பியார் 11 வேஷம் போட்டார். மாறுவேஷம்ங்கிறதே ஒரு சஸ்பென்ஸ் கருவிதானே? வந்திருக்கிறது யாருன்னு நமக்குத் தெரியும், வில்லனுக்குத் தெரியாது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, அடுத்த பகுதிக்குத் தேவைப்படும்.

ஏழு நாள் இடைவெளி

1930-களுக்கு அப்புறம் வாரப் பத்திரிகைகள் பெருகுது. ஆனந்த விகடன், பின்னால கல்கி, குமுதம். மர்மக் கதைக்கு இப்போ புது வண்டி கிடைச்சாச்சு. வாசகனுக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவுல ஏழு நாள் இருக்கு. இதுதான் எல்லாத்தையும் மாத்தினது.

இங்க ஒரு நிமிஷம் ஹிட்ச்காக் பக்கம் போயிட்டு வரலாம். சர்ப்ரைஸுக்கும் சஸ்பென்ஸுக்கும் என்ன வித்தியாசம்னு அவர் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோகிட்ட ஒரு குண்டை வச்சு விளக்கினது பிரபலம். அதை நம்ம ஊருக்கு மாத்திச் சொல்றேன். திருத்தணி பஸ் ஸ்டாண்டு டீக்கடை. ரெண்டு பேர் பெஞ்சுல உட்கார்ந்து கிரிக்கெட் பேசறாங்க. திடீர்னு பெஞ்சுக்கு அடியில குண்டு வெடிக்குது. இது சர்ப்ரைஸ், சில நொடி அதிர்ச்சி. இப்போ அதே காட்சி. பெஞ்சுக்கு அடியில ஒருத்தன் பையை வச்சுட்டுப் போறதை நாம பார்த்துட்டோம். கடை கடிகாரம் ஓடுது. அவங்க ரெண்டு பேரும் "இன்னொரு டீ சொல்லேன்"ங்கிறாங்க. அதே மொக்கை கிரிக்கெட் பேச்சு இப்போ தாங்க முடியாததா மாறிடுது. வாசகனுக்குக் கூடுதலா ஒரு விஷயம் தெரியணும், பாத்திரத்துக்கு அது தெரியக் கூடாது.

இதைத் தேவன் சிரிப்புக்குப் பயன்படுத்தினார். 1942-ல விகடன்ல வந்த 'துப்பறியும் சாம்பு'. சாம்பு ஒரு பேங்க் குமாஸ்தா. உளறுவார், தடுக்கி விழுவார், அதுலயே குற்றவாளி மாட்டிக்குவான். இன்ஸ்பெக்டர் கோபாலன்லேர்ந்து ஊரே அவரை மேதைன்னு நம்பும். அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்கிறது நமக்கு மட்டும் தெரியும். இங்க "கொலைகாரன் யாரு?"ன்னு நாம கவலைப்படறதில்லை. "இந்தத் தடவையாவது இந்த மனுஷன் மாட்டிக்குவாரா?"ன்னுதான் பதைக்கிறோம். அதுவும் சஸ்பென்ஸ்தான்.

சாம்பு கதைகள்ல இன்னொரு தந்திரமும் இருக்கு. ஒவ்வொரு கதையும் தனியா முடிஞ்சிடும், ஆள் மட்டும் தொடர்ந்து வருவார். ஹோம்ஸ் விஷயத்துல கோனன் டாயில் போட்ட கணக்கும் இதேதான். தொடர்கதையில ஒரு இதழைத் தவறவிட்டவன் திரும்ப வரமாட்டான், தொடர் பாத்திரத்துக்கு அந்தக் கவலையே கிடையாது.

அப்புறம் 'கல்கண்டு' தமிழ்வாணன். அவரோட சங்கர்லால் தேநீர் குடிச்சாதான் மூளை ஓடும், நாடு நாடா சுத்துவார். வெளிநாடு போகாத வாசகனுக்கு அந்த ஊர்ப் பேர்களே ஒரு கிக். லண்டன் கதை தமிழ்நாட்டுக்கு வந்த காலம் போய், தமிழ் பேசற துப்பறிவாளர் லண்டனுக்குப் போற காலம் வந்தாச்சு.

1968-ல குமுதத்துல சுஜாதாவோட 'நைலான் கயிறு' தொடங்குது. அதுலதான் வக்கீல் கணேஷ் முதல்ல வர்றார். வசந்த் கூட்டு சேர்றது பின்னால 'ப்ரியா'வுல. 'நைலான் கயிறு' கட்டமைப்பைப் பாருங்க. ஒரு பக்கம் கொலை விசாரணை, நடுநடுவுல ஒரு பெண்ணோட டைரிக் குறிப்புகள். இந்தப் பெண் யாரு, இவளுக்கும் அந்தப் பிணத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆசிரியர் வாயைத் திறக்க மாட்டார். ரெண்டு துண்டையும் வச்சுக்கிட்டு வாசகன் ஏழு நாள் ஆபீஸ்லயும் ரயில்லயும் விவாதம் பண்ணுவான்.

இந்த ஏழு நாள்ல ஒரு ஆபத்தும் இருக்கு. வாசகன் யோசிக்க நேரம் கிடைச்சிடுது. லட்சக்கணக்கான பேர்ல யாராவது ஒருத்தன் சரியா ஊகிச்சிடுவான். அதனால வாரத் தொடர் எழுத்தாளன் எப்பவும் ரெண்டு பதிலை உயிரோட வச்சிருக்கணும். 'கொலையுதிர் காலம்' இதுக்கு நல்ல உதாரணம். நடக்கிறது பேய் வேலையா, விஞ்ஞானமா? வசந்த் ஒரு பக்கம் சாய்வான், கணேஷ் இன்னொரு பக்கம். ஹாலோகிராம்னு ஒரு வார்த்தையைப் பல தமிழ் வாசகர்கள் முதல் தடவை கேட்டதே அந்தக் கதையிலதான். சுஜாதா பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ்ல இன்ஜினீயர். அவரோட கரு அவர் வேலை பார்த்த உலகத்துலேர்ந்தே வந்தது.

அதே வாரத் தொடரால அவர் அடியும் வாங்கினார். 1857 எழுச்சியைப் பின்னணியா வச்சு குமுதத்துல 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' தொடங்கினப்போ, எங்க சாதியை இழிவுபடுத்துதுன்னு எதிர்ப்பு கிளம்பி, தொடர் பாதியில நின்னுச்சு. பின்னால அதை 'ரத்தம் ஒரே நிறம்'னு மாத்தி எழுதினார். புத்தகமா வந்திருந்தா கோபம் வரும்போது கதை முடிஞ்சிருக்கும். வாரத் தொடர்ல எழுத்தாளன் நடு ரோட்டுல நிக்கிறான். வாசகன் மட்டும்தான் அடுத்த வாரத்துக்காகப் பதைக்கிறான்னு நினைச்சுடாதீங்க.

ஒரு பஸ் பயண நேரம்

1980-கள். ஜி. அசோகனோட 'பாக்கெட் நாவல்', 'க்ரைம் நாவல்' மாதிரி மாத நாவல்கள் பெட்டிக்கடை, பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டால்னு எல்லா இடத்துலயும் கயிறுல தொங்குது. மட்டமான தாள், பளபளன்னு அட்டைப்படம், கையடக்க சைஸ். பட்டுக்கோட்டை பிரபாகரோட பரத்-சுசீலா, சுபாவோட நரேந்திரன்-வைஜயந்தி எல்லாம் அந்தக் கயிறுல தொங்கினவங்கதான். சுபாங்கிறது சுரேஷ், பாலகிருஷ்ணன்னு ரெண்டு நண்பர்கள். நீங்க பார்த்த 'அயன்', 'கோ' படங்கள்ல எழுத்துப் பங்கு அவங்களோடது.

இந்த உலகத்தோட ராஜா கோவைக்காரர் ராஜேஷ்குமார். 1969-ல முதல் சிறுகதை, 1980-ல முதல் நாவல் 'வாடகைக்கு ஓர் உயிர்'. மொத்தம் 1500 நாவலுக்கு மேல. 40 வருஷத்துக்குப் பிரிச்சுப் பார்த்தாக்கூட மாசம் மூணு நாவல். "இத்தனை கரு எங்கிருந்து வரும்?"னு கேட்கத் தோணும். அவர் நாவல்களைப் படிச்சாலே பதில் கிடைக்கும். ஆஸ்பத்திரி, மருந்து, தடயவியல், புதுசா வந்த விஞ்ஞானச் செய்தி. அன்னிக்குப் பேப்பர்ல சின்னதா வந்த ஒரு விஷயத்தைப் பிடிச்சு "இதைக் கெட்டவன் ஒருத்தன் பயன்படுத்தினா?"ன்னு ஒரு கேள்வி. அதுக்கு விவேக்கும் ரூபலாவும் பதில் தேடுவாங்க.

வண்டி மாறினதும் சஸ்பென்ஸும் மாறுது. இங்க ஏழு நாள் கிடையாது. வாசகன் பஸ் ஏறும்போது வாங்கறான், இறங்கும்போது முடிக்கணும். இதுக்கு ராஜேஷ்குமார் கையாண்டது ரெட்டைத் தண்டவாளம். முதல் அத்தியாயம் கோவையில ஒரு கல்யாண வீடு. ரெண்டாவது அத்தியாயம் டெல்லியில ஒரு பிணம். மூணாவது மறுபடி கோவை. ரெண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. ஒவ்வொரு அத்தியாயமும் கதவு திறக்கிற இடத்துல, போன் அடிக்கிற இடத்துல அறுந்து நிக்கும். வாரப் பத்திரிகை கொடுத்த காத்திருப்பை அவர் புத்தகத்துக்குள்ளேயே கொண்டுவந்துட்டார். டெல்லி அத்தியாயம் படிக்கும்போது கோவைக்காகக் காத்திருக்கோம், கோவை படிக்கும்போது டெல்லிக்காக. நீங்க இன்னிக்கு ஓ.டி.டி.யில பார்க்கிற வெப் சீரிஸ் அதையேதான் பண்ணுது.

இலக்கிய உலகம் இதையெல்லாம் குப்பைன்னு ஒதுக்கினது உண்டு. அதுல பாதி நியாயமும் இருக்கு. அவசரத்துல எழுதினது, ஒரே அச்சுல வார்த்தது நிறைய. ஆனா நம்ம அம்மா, அத்தை, தறிக்காரர், கண்டக்டர்னு பலருக்குப் புத்தகம் வாசிக்கிற பழக்கம் வந்தது இந்தக் கயிறுலேர்ந்துதான். 2008-ல சென்னை 'பிளாஃப்ட்' பதிப்பகம் ப்ரீதம் சக்ரவர்த்தி மொழிபெயர்ப்புல தமிழ் பல்ப் கதைத் தொகுப்பை ஆங்கிலத்துல போட்டது. ஒரு காலத்துல லண்டன் கதையைத் தமிழாக்கினோம், இப்போ நம்ம கதையை உலகம் வாங்கிப் படிக்குது.

1990-கள்ல சாட்டிலைட் டிவி வந்தப்புறம் இந்தச் சந்தை சுருங்கிச்சு. அந்த டிவியிலயும் ஜெயிச்சது எது? இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்துல, நாகா இயக்கத்துல வந்த 'மர்மதேசம்'. அதுல 'விடாது கருப்பு' ஓடின வாரங்கள் எப்படி இருந்ததுன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. கிராமம், குதிரை மேல வர்ற காவல் தெய்வம், தப்பு செஞ்சவன் செத்துப்போறான். ரங்கராஜு கண்டுபிடிச்ச அதே விஷயம்தான். வடிவம் எங்கிருந்து வேணா வரட்டும், பயம் நம்ம ஊர்ப் பயமா இருக்கணும்.

இப்போ அம்மையார்குப்பத்துக்கு வருவோம்

தம்பி, உங்க ஊர்ல ஒண்ணுமே இல்லைன்னு சொன்னீங்க. உங்க வாய்ஸ் நோட்டை மறுபடி போட்டுக் கேட்டேன். ஊருக்குப் போயிருந்தப்போ பேசியிருக்கீங்க போல, பின்னால தறிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. பகல்லயும் ராத்திரியிலயும் தறி ஓடற தெருவுல யாருக்கும் அந்தச் சத்தம் காதுல விழாது, பழகிடும். ஒரு ராத்திரி ஒரே ஒரு வீட்டுத் தறி மட்டும் நின்னா? கரண்ட் இருக்கு, பக்கத்து வீட்டுத் தறி ஓடுது, இந்த வீடு மட்டும் அமைதி. அந்தத் தெருவுல தூக்கம் கலைஞ்சு எழுந்திருக்கப் போறது யாரு? இது மும்பையில நடக்காத கதை.

அடுத்தது எல்லை. திருத்தணி வட்டாரம் சித்தூர் மாவட்டத்துல இருந்து, ம.பொ.சி. போன்றவங்க போராட்டத்துக்கு அப்புறம், 1960 ஏப்ரல் 1-ம் தேதி சென்னை மாநிலத்தோட சேர்ந்தது. அதுக்கு முன்னால எழுதின ஒரு நிலப் பத்திரம் தெலுங்குல இருக்கு, வீட்ல யாருக்கும் படிக்கத் தெரியாதுன்னு வையுங்க. படிக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் பொய் சொல்றான். அவன் பொய் சொல்றது வாசகனுக்குத் தெரியும், குடும்பத்துக்குத் தெரியாது. பெஞ்சுக்கு அடியில பை வச்சாச்சு.

ஒரு எச்சரிக்கை. எல்லையில பிணம் கிடந்தது, எந்த ஸ்டேஷன் கேஸ்னு போலீஸ் சண்டை போடுதுன்னு மட்டும் கதையை நிறுத்திடாதீங்க. இப்போ எந்த ஸ்டேஷன்லயும் புகாரைப் பதிவு பண்ணி உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பணும், ஜீரோ எஃப்.ஐ.ஆர்.னு சொல்வாங்க. சட்டம் தெரிஞ்ச வாசகன் உங்களை அங்கேயே மூடி வச்சுடுவான். அதனால சஸ்பென்ஸ் தாமதத்துல இல்லாம ஆட்கள்ல இருக்கட்டும்.

கடைசியா ஒரு கேள்வி உங்களுக்கு. உங்க கதை வாசகன்கிட்ட எந்த வண்டியில போகப் போகுது? ஆப்ல வாராவாரம் போடறீங்கன்னா சுஜாதா மாதிரி ரெண்டு பதிலைக் கையில வச்சுக்கோங்க. ஒரே மூச்சுல படிக்கிற குறுநாவல்னா ராஜேஷ்குமார் மாதிரி ரெண்டு தண்டவாளம் போடுங்க. ஒலிக்கதைன்னா, உங்ககிட்ட ஏற்கனவே தறி இருக்கு. முதல் பத்து நிமிஷம் அதை ஓட விடுங்க. அப்புறம் நிறுத்துங்க.

எழுதி முடிச்சதும் எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த அத்தியாயத்துல சந்திப்போம்.